மேற்படி

என்ன வேலை என்றார் வீட்டுக்காரர்.
எழுத்து என்றேன்.
ரைட்டரா, எந்த ஸ்டேஷன் என்று
குரலைத் தாழ்த்தி
முன்பணத்தில் ஐயாயிரம் குறைத்தார்.
நான் திருத்தவில்லை.
கோத்தகிரியில் எழுத்தால் வந்த
முதல் வரும்படி அதுதான்.

பத்திரிகைக் கட்டுரைக்கு அறுநூறு.
உறைபனியில் எழுதியதற்கு
ஐப்பசி மழையில் வரும்.
வராவிட்டால்
அக்கவுண்ட்ஸ் அண்ணன் லீவு.

ஆகவே டானிங்டனில்
இம்மானுவேலின் ஜெராக்ஸ் கடை,
லேமினேஷன் மெஷினின் சூட்டுக்குப் பக்கத்தில்
ஒரு ஸ்டூல், ஒரு பரீட்சை அட்டை.

தைல பாட்டில் லேபிளுக்கு இருநூறு.
'மூட்டுவலி பறந்துபோகும்' என்று போடச் சொன்னார்.
அரைமணி நேரம் பேசி
'இதமாக இருக்கும்' வரை இறக்கினேன்.
அரவேணு ஹோம்ஸ்டேக்கு விதிமுறைகள்,
வரிக்கு இருபது:
வெந்நீர் ஆறிலிருந்து எட்டு வரை.
கரடி வந்தால் படம் எடுக்க வெளியே வராதீர்கள்.
கரடியை மட்டும்
இரண்டு வரியாக உடைத்தேன்.

பள்ளித் தாளாளரின் ஆண்டுவிழா உரைக்கு ஆயிரம், செக்காக.
'இங்கே சற்று நிறுத்தவும்' என்று
நான் ஓரத்தில் குறித்ததையும்
அவர் மைக்கில் வாசித்தார்.
கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

கட்டபெட்டு பக்கமிருந்து ஹாலன் வந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை, கால்சட்டை நிறைய சேறு.
காரட் தோட்டம் போய்விட்டது,
ரேஞ்ச் ஆபீசுக்கு மனு வேண்டும்.
எழுதிப் படித்துக் காட்டினேன்:

நள்ளிரவில் என் தோட்டத்தின் மேல்
ஓர் இருட்டு நடந்து போனது.

கண்ணை மூடிக் கேட்டார்.
நல்லாத்தான் இருக்கு ரைட்டரம்மா.
ஆனா அது இருட்டு இல்ல,
காட்டெருமை. ஏழு.

தாளைக் கசக்கினேன்.
மேற்படி சர்வே எண்ணில்,
மேற்படி தேதியில்,
மேற்படி விலங்குகள் ஏழும்
மேற்படி பயிரை.
நூறு ரூபாய் கொடுத்தார்.
கூடவே ஒரு பை காரட்,
பாதிக்கு மேல் குளம்படி பட்டவை.
மூன்று நாள் பொரியல்.

மார்ச்சில் மறுபடி வந்தார்.
மேற்படி தொகை வந்திருச்சு என்றார்
அந்தச் சொல்லைப் புதுச் சட்டை போல்
போட்டுப் பார்த்துக்கொண்டு.
உங்க பத்திரிகைக் காசு?
ஏழு கட்டுரை பாக்கி என்றேன்.
அவங்களுக்கு மனு போட்டீங்களா?

எனக்கு நானே எழுதத் தோன்றியதில்லை.
நலம், நலமறிய ஆவல்,
முடிந்தபோது அனுப்புங்கள் என்றுதான்
இத்தனை நாளும் தமிழைச் செலவழித்திருக்கிறேன்.

அன்றைக்கே எழுதினேன்.
மேற்படி கட்டுரைகள் ஏழுக்கும்
மேற்படி விகிதத்தில் நான்காயிரத்து இருநூறு.
ஒப்புகை அட்டையோடு தபால்.
பதினோராம் நாள் வங்கியிலிருந்து செய்தி,
பிடித்தம் போக.
அக்கவுண்ட்ஸ் அண்ணன் போனில் கேட்டார்:
இதை யார் எழுதிக் கொடுத்தது மேடம்?
எங்க வீட்டுப் பட்டாவுக்கும் ஒன்று வேணும்.
நூற்றைம்பது என்றேன்.

கசக்கிய தாள் குப்பைக்குப் போகவில்லை.
மெஷின் சூடேறிவிட்டதா என்று பார்க்க
இம்மானுவேல் ஏதாவது கழிவுத்தாளைத்தான் விடுவான்.
நீவி, உள்ளே விட்டிருக்கிறான்.

இருட்டு இப்போது
என் டீ கிளாஸுக்கு அடியில்.
அதற்கு இன்னும் ரேட் போடவில்லை.
டீ சிந்தினால்
துடைத்துவிடலாம்.