பனகுடிக்கு இந்தப் பக்கம்

வள்ளியூர் தாண்டியதிலிருந்தே
வேகத்தடை ஏறும்போதெல்லாம்
சமையல் விளக்கு கண்ணடித்தது.
பனகுடிக்கு இந்தப் பக்கம்
எஞ்சினும் மூச்சை நிறுத்தியது.
திசையன்விளை ரூட்டில் இருபது வருஷம் ஓடி
ஏலத்தில் எங்களுக்கு வீடான பஸ்.

சுற்றிலும் காற்றாலை.
ஆடிக் காற்றில் மூன்று கையும் வீசி
யார் யார் வீட்டுக்கோ கரண்டு அனுப்புகின்றன.

ஃபியூஸ் போட்டேன். பட்.
இன்னொன்று. பட்.
மூன்றாவதை வீணாக்க மனசில்லை.
அந்த இடத்தில் இண்டிகேட்டர் பல்பை
இரண்டு ஒயரில் முறுக்கி மாட்டினேன்.
பளீரென்று எரிந்தது.

எரியக் கூடாத பல்பு அது.
எங்கே கை வைத்தால் அணைகிறதோ
அங்கே இருக்கிறது கோளாறு.

ஃபிரிட்ஜைக் கழற்றினேன். எரிந்தது.
ஃபேன், பம்பு, ஹாரன்.
எரிந்தது.
அருளப்பன் டார்ச் பிடித்தான்,
நான் பார்க்கிற இடம் தவிர எல்லா இடத்துக்கும்.
"வித்தவன் நல்லா ஏமாத்திட்டாம்ட்டி."
மூன்றாம் தடவை சொன்னான்.
நானும் அப்படித்தான் நம்பினேன்,
ஏழாவது ஜன்னல் வரை.

'மகளிர்' என்ற மங்கல் எழுத்துக்கு மேலே
ஒரு திருகாணி.
தகட்டைத் துளைத்து உள்ளே போய்
ஒயரின் தோலில் பல் பதித்திருந்தது.
மிளகாய்ப்பொடி அலமாரிக்காக
போன புரட்டாசியில்
நானே முடுக்கியது.

அரைச் சுற்று பின்னால் திருப்பினேன்.
பல்பு அணைந்தது.

டேப் இல்லை. விரல் காயத்துக்கு வைத்திருந்த
பிளாஸ்திரியை ஒயருக்குச் சுற்றினேன்.
டார்ச் இப்போது
சரியாக அந்த ஆணி மேலேயே நின்றது.
அவன் ஒன்றும் பேசவில்லை.
"அணைலே அதை" என்றேன்.