கேட்டால் விரல் தூக்கவும்

மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில்
நாளொன்றுக்கு இருபது காது அளக்கிறேன்.
லேசாகக் கேட்டாலும் விரலைத் தூக்குங்கள்
என்றுதான் எல்லோரிடமும் சொல்வது.
சிலர் கேட்காமலே தூக்குவார்கள்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முகம் பார்த்து.
அவர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைப்பேன்.

கலியபெருமாளின் வரைபடமும் என்னிடம் உண்டு.
சிப்காட்டில், கம்ப்ரசர் பக்கத்தில், பத்தொன்பது வருஷம்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கோடு
கிணற்றில் வாளி போல இறங்கி
எட்டாயிரத்தில் பாதி ஏறி நிற்கும்.
பீரோவில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது.
அவருக்குத் தெரியும்.

அவர்தான் டி.ஏ.சி. வேண்டும் என்றார்.
எண்ணைப் பாட்டாக்கும் பெட்டி.
எந்தச் சிப், எந்த ஒயர்,
யு.எஸ்.பி.யா ஆப்டிகலா என்று
மூன்று மாசம் சோறு ஆறியது.
'இரைச்சல் மைனஸ் நூற்று இருபது டெசிபல்'
என்று படித்துக் காட்டினார்.
அதைக் கேட்கிற காது இந்த ஜில்லாவில் இல்லை என்றேன்.
'நாய்க்கு?' என்றார்.

முத்தியால்பேட்டையில் சவரிராயன் வீட்டு மாடி.
மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றிக் கேட்டோம்.
ஒன்று, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் வெல்லம் போட்டது.
ஒன்று, எவர்சில்வர் தட்டைக் கழுவிக் கவிழ்த்தது.
'மூணாவது எதுவுமே செய்யாது,
உள்ளதை உள்ளபடி விட்டுடும்' என்றார் சவரிராயன்.
எதுவுமே செய்யாததற்கு இருபத்து மூவாயிரம்.
அதைத்தான் வாங்கினார்.
கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
ரெட்டிச்சாவடி வரை பேசவில்லை.

'புதுச் செருப்பு மாதிரி,
இருநூறு மணி நேரம் பழகணும்.'
இரவும் பகலும் ஓர் இரைச்சலை ஓடவிட்டார்.
குழாயை மூட மறந்துட்டீங்களா என்று
கீழ்வீட்டு மெஹருன்னிசா வந்து கேட்டாள்.
கேஸ் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில்
காலண்டரில் மணிக்கணக்கு ஏறியது.

நூற்று முப்பத்தேழில்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தியோடு பெட்டியைத் தொட்டுப் பார்த்து,
'ஆறிடுச்சு. திரும்ப முதல்லேர்ந்தா?' என்றார்.
இட்லி மாவா அது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
நூற்று முப்பத்தெட்டிலிருந்துதான் தொடர்ந்தார்.

இருநூறாவது மணி, ஞாயிறு ராத்திரி.
எங்கள் கல்யாணத்தை யாரோ பதிந்து கொடுத்தது.
பாடலீஸ்வரர் கோயில் பக்கத்து மண்டபம்,
நாகஸ்வரம் முன்னால், தவில் இடப்பக்கம்,
அதற்கும் பின்னால், பந்தியிலிருந்து ஒரு குரல்:
'பாயசம் எந்த வரிசைக்குப்பா?'
இத்தனை வருஷமும் அந்த ஆள் அங்கேயே
வாளியோடு நின்றிருக்கிறான்.
பாயசத்தின் ச
அரிசியில் கல் போலத் தனியாகத் தெரிந்தது.
அந்த ஒலி குடியிருப்பது
நாலாயிரத்துக்கும் அதற்கு மேலும்.

என்னை அறியாமல் விரல் தூக்கிவிட்டேன்.

ஒரு நொடி கழித்து
அவர் விரலும் எழுந்தது.
கண் ஸ்பீக்கரில் இல்லை, என் மேல்.

'பழகிடுச்சு இல்ல?' என்றார்.
ம், என்றேன்.
அவர் நாற்காலி
சுவரைப் பார்க்கத் திரும்பாமல்
இருந்த இடத்திலேயே இருந்தது.