பதினோரு கிராம்

ஆவாரம்பாளையத்தில் எனக்கு வேலை
சுற்றுவதை ஆடாமல் சுற்ற வைப்பது.
பம்பின் இம்பெல்லரை மெஷினில் ஏற்றி
எந்தப் பக்கம் கனம் என்று பார்த்து
அந்தப் பக்கத்தில் கொஞ்சம் சுரண்டி எடுப்பேன்.
ஷிப்டுக்கு நூற்றெண்பது உருப்படி.
வீட்டுக்கு வந்து படுத்தால்
தலைக்கு மேலே
டக்கு டக்கு டக்கு.

மூன்றில் வைத்தால் கழுத்தை ஆட்டும்.
ஐந்தில் வைத்தால் கொக்கியோடு வந்துவிடும்போல் இருக்கும்.
கட்டிலை அக்கட்ட தள்ளிப் போட்டோம்.
பாப்பா பாயில் உருண்டு உருண்டு
சரியாக அதற்குக் கீழேதான் வந்து தூங்குவாள்.
வீட்டுக்காரம்மா மாராத்தாளிடம் சொன்னதற்கு
"ஓடுதல்லொ கண்ணு, அப்பறம் என்ன" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பது முதல் நாலு வரை கரண்ட் இல்லை.
இல்லாத கரண்டையும் நம்பாமல்
மெயினை இறக்கினேன்.
தண்டபாணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்,
மேலே பார்க்காமல்.

முதலில் கொக்கி.
கப்பை இறக்கிப் பார்த்தேன். போல்ட் இறுக்கம்,
பின் இருக்கிறது, ரப்பரும் தேயவில்லை.
ஒவ்வொரு இறக்கையின் நுனிக்கும் கூரைக்கும் நடுவே
தையல் டேப்பு வைத்தேன். ஒரே அளவு.
அப்புறம்தான் ஈரத்துணியால் துடைத்தேன்.
இரண்டு இறக்கை ஒரு கம்பெனி.
மூன்றாவதில் வேறு பெயர்.
உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
மாராத்தாள் பார்த்து முடித்த சம்பந்தம்.

மூன்றையும் கழற்றிப் பழஞ்சேலையில் சுற்றி
முக்கிலுள்ள அடகுக்கடைக்குப் போனேன்.
அங்கேதான் கிராம் காட்டும் தராசு, பேட்டரியில் ஓடுவது.
"இதுக்கெல்லாம் பணம் தரமாட்டனுங்க"
என்றார் சென்னியப்பன்.
"நிறுத்து மட்டும் குடுங்க."
ஆடி மாதம் என் தோடு கிடந்த தட்டில்
இறக்கை குறுக்கே கிடந்தது,
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு.
மூன்றாவது, பதினோரு கிராம் குறைவு.
எதையும் இரண்டு தடவை நிறுப்பது அவர் வழக்கம்.
பதினோரு கிராம்தான்.

கம்பெனியில் வாஷர் கூடை கூடையாய்க் கிடக்கிறது.
எடுத்து வர மனசில்லை.
ஒற்றை ரூபாய் மூன்று.
இறக்கையின் மேல்பக்கம் வைத்து,
கழன்று பறந்து பாப்பா மேல் விழாதபடி
டேப்பால் சுற்றினேன், நாலு சுற்று,
மனசு கேட்காமல் இன்னொரு சுற்று.
அங்கே எடுத்து எடுத்து நேராக்குகிறேன்.
இங்கே போட்டுப் பார்க்கிறேன்.
எடுப்பது சுலபம். அதற்குக் கையில் காசு வேண்டாம்.

நாலு ஆகியும் வரவில்லை. நாலேகால்.
பக்கத்து வீட்டு டிவி கத்தியதும்
பாப்பாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு
மெயினை ஏற்றி, ஒன்றில் வைத்தேன்.
இரண்டு. மூன்று.
தண்டபாணி இப்போது மேலே பார்த்தார்.
ஐந்தில் லேசாய் ஒரு முனகல் இருக்கிறது.
அது பேரிங், அது வேறு செலவு.
"காசு எங்கம்மா?" என்றாள் பாப்பா.
நாணயம் தெரியவில்லை,
மங்கலாய் ஒரு வளையம் தெரிந்தது.

ஐந்தாம் தேதி வாடகை.
மாராத்தாள் எங்கள் கட்டிலில் உட்கார்ந்து
காற்றில் பறக்கும் நோட்டைத் தொடையில் அழுத்தி
எண்ணினார். திரும்ப எண்ணினார்.
"மூணு ரூவா கம்மியா இருக்குதே?"

"ஓடுதல்லொங்க" என்றேன்.