முதல் தொடர்பு எண்

ஐந்தரைக்குச் செந்தூரன் பையை எடுத்தால்
"பிள்ளையைக் கூட்டவா? நல்ல அப்பா" என்று
திரு டியோ தோளைத் தட்டுவாராம்.
ஐந்தரைக்கு நான் எழுந்தால்
"ஹாஃப் டேயா?" என்று ஒரு சிரிப்பு
மேசை மேசையாகத் தாவும்.

அதனால்
குளிர்சட்டையை நாற்காலி முதுகில் விட்டுவிட்டு
கழிவறைக்குப் போகிறவளைப் போல
மின்தூக்கிக்குப் போகிறேன்.
ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி
செங்காங் வரை நின்றபடி
மின்னஞ்சல்களுக்குப் பதில்.
ஏழைத் தாண்டினால்
கால் மணிக்கு ஐந்து வெள்ளி.

நல்லவன்தான்.
சட்டை தேய்ப்பான், மீன் கழுவுவான்,
கேட்டால் எதுவும் செய்வான்.
கேட்டால்.
புதன்கிழமை ஆரஞ்சு டீ‑சட்டை,
தடுப்பூசிப் புத்தகம், நகம்,
மகிழாவுக்குப் பிடிக்காத அந்த ஒரு தட்டு.
எதைக் கேட்பது என்று
தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

ஜனவரியில் பாலர் பள்ளிப் படிவத்தில்
முதல் தொடர்பு என்ற கட்டத்தில்
அவன் எண்ணை எழுதினேன்.
அவனும் கையெழுத்திட்டான்.

செவ்வாய், பதினொன்று பத்து.
திரையில் என் ஏழாம் பக்கம்,
எதிரே பதினொரு பேர்.
கைப்பேசி அதிர்ந்தது.
உள்ளங்கையில் கொப்புளம், கை கால் வாய் நோய் போலத்தான்
என்றார் ஆசிரியை நொராய்னி.
"முதல் எண்ணுக்கு அடித்தீர்களா?"
"அப்பா வேலையில் இருப்பாரே,
எதற்குத் தொந்தரவு..."

அவர்களிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணை
ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்.
பதினொரு பேரும் கேட்டார்கள்.
பிறகு எட்டாம் பக்கம்.

"கிளம்பிட்டேன். எந்த கிளினிக்?"
"அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்காது?"
மேசைக்கடியில் நான்கு வரி தட்டினேன்.
அழித்தேன்.
"நீலக் கோப்பு" என்று மட்டும் அனுப்பி
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
கை நடுங்கியது,
அதைச் சொல்லாமல் விட முடியாது.

இரவு,
அவன் மார்பில் மகிழா தூங்குகிறாள்.
கன்னத்தில் உருகிய ஐஸ்கிரீம், அவன் சட்டையிலும்.
"டாக்டர், தாதி, டாக்சிக்காரர்,
எல்லாரும் ஒரே கேள்வி.
அம்மா எங்கேன்னு."
"என்ன சொன்னே?"
"மீட்டிங்ல இருக்கான்னு."

எத்தனை முறை அவனுக்காக
நான் சொல்லியிருக்கிறேன் அதை.
எனக்காக இன்றுதான் ஒருவர்.

குளிர்சட்டை இன்னும் நாற்காலியில்தான்.
ஒரு வாரத்துக்குப் பள்ளி இல்லை.
யார் விடுப்பெடுப்பது என்று
இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.