முப்பதாம் நாள்

மதியம் இரண்டரைக்கு மேல்தான் ஆட்கள் போனை எடுப்பார்கள்.
ஜன்னலைச் சாத்தினாலும் வேலூர் வெயில்
எப்படியோ உள்ளே வந்து
படிவத்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறது.

உலகம் முழுக்க இதே படிவம்தானாம்.
குடல்வால் எடுத்தவர்கள்
முப்பதாம் நாள் எப்படி இருக்கிறார்கள்?
நலம். சீழ். மறு அறுவை. மரணம்.
தொடர்பு இல்லை.
ஐந்து கட்டம். ஒன்றில்தான் டிக் அடிக்கலாம்.

"முப்பதா? பதினாறாம் நாள்தானே கும்பிடுவாங்க"
என்கிறார் ஒடுகத்தூர் பொன்னுரங்கம்.
"நான் இன்னும் உசுரோடதான் கீறேம்மா."
சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறதாம்,
அதனால் வீட்டில் யாரும் அவரைச்
சிரிக்க வைக்கக்கூடாதென்று உத்தரவாம்.
நலம்.

அடுத்த எண் வங்காளத்துக்குப் போகிறது.
அப்பாவுக்குக் கேன்சர் காட்ட வந்த இடத்தில்
மகனுக்கு வலி.
லாட்ஜ்காரர்தான் நள்ளிரவில் ஆட்டோ பிடித்தார்.
என் அரைகுறை இந்தி, அவனுடைய அரைகுறைத் தமிழ்.
"நல்லா, நல்லா" என்றான்.
அப்பா எப்படி இருக்கிறார் என்றேன்.
ரயில் கடக்கிற சத்தம் மட்டும் கேட்டது, வெகுநேரம்.
படிவம் அவனைப் பற்றியது மட்டும்.
நலம்.

தஸ்லீமா. வயது இருபத்து நாலு.
ஆம்பூர் ஷூ கம்பெனி, மேல்தோல் தைக்கிற பிரிவு.
திங்கள் சாயங்காலம் நாலு மணிக்குத்
தொப்புளைச் சுற்றி வலி.
கேஸ் மாத்திரை கொடுத்தார் சூப்பர்வைசர்.
செவ்வாய், வலி வலப்பக்கம் இறங்கியது.
கப்பல் தேதி நெருங்குகிறது, லீவு போட்டால்
வருகைக்குத் தருகிற ஐந்நூறு போய்விடும்.
புதன் இரவு வலி சட்டென நின்றது.
அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு
இன்னும் நாற்பது ஜோடி தைத்தாள்.

வலி நின்றதா, வால் வெடித்ததா
என்பது வயிற்றைத் திறந்தவர்களுக்குத் தெரியும்.

ஆரம்பித்ததிலிருந்து அறுவை வரை எத்தனை மணி நேரம்?
வெள்ளி இரவு பதினொன்று வரை விரல் விட்டு எண்ணினேன்.
நூற்று மூன்று.
படிவத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
இந்தப் படிவத்தை வரைந்தவருக்கு
நூறு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும் ஒரு வயிறு
நினைவுக்கே வரவில்லை போலும்.
மூன்றைக் கோட்டுக்கு வெளியே எழுதினேன்.

அவள் தைத்த ஷூ போய் இறங்கும் ஊரிலும்
ஒருத்திக்கு இதே பக்கம் வலித்திருக்கும்.
அவளுக்கும் ஒரு வரிசை எண் இருக்கும்.
அவளுடைய இரண்டு கட்டமும் நிறைந்திருக்காது,
ஒன்பதோ, எட்டோ,
முன்னால் ஒரு பூஜ்யம்.

மூன்று முறை கூப்பிட்டு எடுக்காவிட்டால்
தொடர்பு இல்லை என்று போட்டுவிடலாம். விதி.
மூன்று முறை கூப்பிட்டாயிற்று.
டீ குடித்துவிட்டு வந்து
என் சொந்தப் போனிலிருந்து நாலாவது.

எடுத்தாள். பின்னால் மிஷின் சத்தம்.
"சீக்கிரம் சொல்லுங்கக்கா."
வேலைக்குப் போயிட்டியா?
"போன வாரமே."
புண்?
"ஆறிடுச்சு... கொஞ்சம் ஈரம் கீது.
பஞ்சு வெச்சுக் கட்டிகினு வர்றேன்.
நலம்னே போட்டுக்கோங்க."
வாடை வருதா?
மிஷின் நின்றது.
அவளுடையது மட்டும். மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.
"தோல் வாடையில எது எதுன்னு தெரியலக்கா."

நாளைக்கு வா என்றேன்.
ஞாயிறுதான் முடியும் என்றாள்.
ஞாயிறு ஓ.பி. கிடையாது.
காஷுவாலிட்டி வாசலில் நிற்கிறேன், பத்து மணிக்கு,
பச்சைப் புடவை, என்றேன்.
எனக்கு ஞாயிறு டியூட்டியும் கிடையாது.
பச்சைப் புடவை துவைக்கப் போட்டிருக்கிறது.

சரி என்றாளா, வேறு யாரிடமோ சொன்னாளா,
தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் படிவங்களை அனுப்ப வேண்டும்.
அவளுடையதை மட்டும் எடுத்து
மேஜை டிராயருக்குள் வைத்தேன்.
சீழ் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி.