கடைமடைக்கு ஐந்து வோல்ட்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தபோது
வரிசையில் பதினொன்றாவதாக நின்றபடியே
அணைந்துபோனது தையல்நாயகியின் லோடு வண்டி.
பின்னால் நாற்பது மூட்டை சம்பா.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள்.
வலங்கைமான் பக்கம் வானம் கறுத்திருந்தது.

என் கடைக்குத் தள்ளிவந்தவர்கள் நான்கு பேர்.
ஐந்தாவதாக அவள்,
ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.
மூட்டைகள் அஜ்மலின் வண்டிக்கு மாறிப் போயின.

"ரெண்டு மாசமா இப்படித்தான்.
சூடானா நிக்கும், ஆறினா ஓடும்.
மன்னார்குடியில பம்ப் மாத்துனாங்க,
கும்பகோணத்துல இன்ஜெக்டர் நாலும்.
என் நகையில பாதி இதுக்குள்ளதான் கெடக்கு."
போனெட்டைத் தட்டிக் காட்டினாள்.

ஸ்கேனரைச் செருகினேன்.
தொடர்பு இல்லை என்றது.
மறுபடி செருகினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
தொடர்பு இல்லை.

ஒருவரைக் குறை சொல்லுமுன்
சோறு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.
பேட்டரி பன்னிரண்டரை. ஃபியூஸ் நல்லது.
ரிலே டக்கென்கிறது.
எர்த் கம்பியைச் சுரண்டி முறுக்கினேன்.
ஈசியூவிலிருந்து சென்சார்களுக்குப் போகிற
ஐந்து வோல்ட் மட்டும்
மூன்று புள்ளி ஒன்றில் நின்றது.

இது எனக்குத் தெரிந்த கணக்கு.
மூணாறு தலைப்பில் திறந்துவிட்டும்
கடைமடையில் கணுக்கால் நனையவில்லை என்றால்
நடுவில் எவனோ கரையை உடைத்திருக்கிறான்,
இல்லை, தலைப்பிலேயே ஷட்டர் பழுது.
ஒவ்வொரு மதகாக அடைத்துப் பார்ப்பதுதான் வழி.
கிராங்க் சென்சாரைக் கழற்றினேன்:
மூன்று புள்ளி ஒன்று.
ரயில் பிரஷர், ஆக்சிலரேட்டர், பூஸ்ட்:
மூன்று புள்ளி ஒன்று.
எல்லாம் கழற்றியாயிற்று, குடிக்க ஆளில்லை,
அப்போதும் மூன்று புள்ளி ஒன்று.

தலைப்புதான்.

"வண்டியத் தண்ணியில இறக்குனீங்களா?"
"இல்லியே."

சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து
மூடியைப் பெயர்த்தேன்.
உள்ளே பச்சை பூத்திருந்தது.
ஒரு மூலையில் வண்டல்,
விரல்நகம் அளவு, காய்ந்து,
சித்திரையில் வயல் வெடிக்கிற அதே வெடிப்பு.
"கார்த்திகையில ஒரு நாளு" என்றாள்
ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டு,
"கோரையாத்துப் பாலத்துக்கு மேல. முட்டிக்குத்தான்."

எண் ஒத்த பெட்டி மறுநாள் காலை
திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தது.
கண்டக்டருக்கு ஐம்பது ரூபாய்.
வந்த பெட்டிக்கு அவள் சாவி அந்நியம்.
செத்ததன் நினைவை எடுத்து இதில் எழுத வேண்டும்:
சாவி, நான்கு இன்ஜெக்டர் எண்கள், ஓடிய தூரம்.

எழுதுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று
ஒருமுறை பார்ப்பது என் வழக்கம்.
ஒரே ஒரு பிழை.
மோதல் சிக்னல், எரிபொருள் துண்டிப்பு.
அந்த நொடியை அப்படியே உறையவைத்திருந்தது.
வேகம் தொண்ணூற்றிரண்டு.
இன்ஜின் சூடு எண்பத்தெட்டு.
பிரேக், இல்லை.

பழையதை அழித்து எழுதவா
என்று கேட்டது திரை.

"யாரு வண்டியோடது இது?"
தோளுக்குப் பின்னால் அவள்.
"திருச்சி" என்றேன்.

எழுத ஒன்பது நிமிடம்.
நடுவில் கரண்ட் போனால் இரண்டு பெட்டியும் போச்சு.
அவள் எழுந்து ஃபேனை நிறுத்தினாள்,
அது ஏதோ உதவும் என்பதுபோல.

முதல் கிராங்கில் பிடிக்கவில்லை.
இரண்டாவதில்.
மஞ்சள் விளக்கு எரிந்து, தயங்கி, அணைந்தது.
முக்கால் மணி நேரம் சூடாக விட்டோம்.
நிற்கவில்லை.
ஐநூறு குறைத்துக் கொடுத்தாள்.
மீதி அறுவடைக்கு என்றாள்,
எந்த அறுவடை என்று சொல்லவில்லை.
கேட் திறந்திருந்தது.
மூன்றாவது கியர் விழும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

'ஆம்' அழுத்துமுன்
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
அந்த எண்ணை எழுதியிருந்தேன், எதற்கென்று தெரியாமல்.
அதன் கீழேயே புகழேந்தி
அன்றைய செலவைக் கூட்டியிருந்தான்:
ஃபியூஸ் ஆறு, பல்பு இரண்டு, டீ.
ராத்திரி கல்லாவை எண்ணினோம்.
கணக்கு தொண்ணூற்றிரண்டு ரூபாய்
இடித்தது.