சாணுக்கும் முழத்துக்கும் நடுவே

ஒன்பது முதல் பதினெட்டு அங்குலம் என்கிறது வானொலி.
அதாவது எங்கள் ஊர் இன்றிரவு
சாணுக்கும் முழத்துக்கும் நடுவே
எங்கோ.

காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை.
நான் அளப்பவள்.
கொல்லையில் வெள்ளையடித்த ஒட்டுப்பலகை,
ஓர் இரும்பு அளவுகோல், ஒரு பென்சில்,
பத்தொன்பது குளிர்காலம் எழுதித் தடித்த நோட்டு.
விழுந்ததைச் சொல்வேன்.
விழப்போவதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை
என்றால் யார் நம்புகிறார்கள்?
மருந்துச் சீட்டை மறைக்கும் மருத்துவரைப் போல
என்னைப் பார்க்கிறார்கள்.

கெர்ட்டு கேட்டாள்: இரண்டடி வருமா?
விடுதியின் பதினோரு அறையும் காலி.
விஸ்கான்சினில் ஸ்னோமொபைல்காரர்கள்
வண்டியை டிரெய்லரில் ஏற்றிவைத்து
அவள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள்.

ரெய்னோ கேட்டான்: பத்தைத் தாண்டுமா?
களஞ்சியத்தின் நடு உத்தரம் நவம்பரிலிருந்து முனகுகிறது.
முட்டுக்கொடுத்திருக்கிறான்.
பத்து வரை தாங்குவதாக
அவனும் உத்தரமும் பேசிவைத்திருக்கிறார்கள்.

ஹக்கோலாவின் பனி தள்ளும் வண்டிக்கு
மூன்றங்குலத்துக்கு மேல்தான் கூலி.
அதற்குக் கீழே விழுவது
அவன் கணக்கில் பனியே இல்லை.

வெஸ்லிக்கு எட்டு போதும், பள்ளி மூடிவிடும்.
ஏழே முக்கால் என்றால்? என்றேன்.
கோலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்களேன், என்றான்.

டெல்லா மட்டும் எண் கேட்கவில்லை.
எப்போது ஆரம்பிக்கும், என்றாள்.
ஒன்பதாம் மாதம். மருத்துவமனை நாற்பத்தொரு மைல்.
நடுவே மேட்டு வளைவு; பனி இறங்கினால் அங்கே
கம்பமும் தெரியாது, நீட்டிய கையும் தெரியாது.

எத்தனை அங்குலம் என்பது பாதிக் கேள்விதான்.
இறகுப் பனி இரண்டடி விழுந்தாலும்
துடைப்பத்துக்குப் பயப்படும்.
ஈரப் பனி ஒரு சாண் போதும், உத்தரம் ஒடிய.
ரெய்னோவிடம் இதைச் சொல்லவில்லை.

மதியம்
கடையில் ரொட்டி தீர்ந்தது, பிறகு பால்,
பிறகு யாரும் தொடாத அந்தப் பீட்ரூட் டப்பாக்கள்.
நான்கு மணிக்கு ஏரி ஈயம் பூசிக்கொண்டது.
வடமேற்கில் காற்று வந்து நின்று
கதவைத் தட்டலாமா என்று யோசித்தது.
வானொலி திருத்திக்கொண்டது:
பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு.
எண் வளர வளர ஊர் பேச்சைக் குறைத்தது.

இன்னும் உறையாத ஏரியின்மேல்
குளிர்காற்று நடந்தால்
மேகம் கயிறாகத் திரியும்.
கயிறு விழுகிற இடத்தில் ஒருவன் வீடு புதையும்;
பக்கத்து ஊரில் கொடியில் துணி காயும்.
கயிற்றின் நுனி யார் கையில் என்று
பத்தொன்பது வருடமாய்ப் பார்க்கிறேன்.

பலகையைத் துடைத்துவைத்தேன்.
பதினொன்றுக்கு முதல் பொட்டு என் சட்டைக் கையில்.
கொஞ்சநேரம் தூவியது.
பன்னிரண்டு அடிக்க இருக்கையில்
டெல்லாவின் வண்டி தெற்கே போனது,
ஒற்றை விளக்கோடு.
இன்னொன்றை மாற்றச் சொல்லி
செப்டம்பரிலேயே சொன்னேன்.

பிறகு சமையலறை நாற்காலி,
ஆறிப்போன காபி,
விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் விழாத முற்றம்.
ஒன்று. இரண்டரை.
வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான்
என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி.
கயிறு எங்களைத் தாண்டிப்
பன்னிரண்டு மைல் வடக்கே விழுந்திருக்கிறது.
அங்கே அளப்பவர் இந்நேரம்
தன் பலகையைத் தோண்டிக்கொண்டிருப்பார்.
இங்கே
சல்லடையில் தப்பிய மாவுபோல் ஏதோ.
அளவுகோலை வைத்தேன்.
முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.
அங்குலத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைந்தால்
எண் எழுதக்கூடாது;
'சுவடு' என்றுதான் எழுதவேண்டும்.
எழுதினேன்.

வெஸ்லி புத்தகப்பையை உதைத்துக்கொண்டே
பேருந்துக்கு நிற்கிறான்.
ரெய்னோ உத்தரத்தை அண்ணாந்து பார்க்கிறான்,
சண்டைக்கு வராதவனைப் பார்ப்பதுபோல்.
கெர்ட்டு தொலைபேசியை எடுக்கவில்லை.

பேருந்து இன்னும் வரவில்லை.
சாலையின் அந்த மெல்லிய மாவில்
இரண்டு டயர் கோடுகள்,
தெற்கே.
வளைவு வரை நடந்து பார்த்தேன்.
எங்கும் நெளியவில்லை.